‘பேனல் போயிடுச்சு’ என்னும் தீர்ப்பு

கடந்த ஆடி மாதத்தில் ஒரு மாலை, செம்பூரில் உள்ள எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி இருண்டுபோனது. ஒலி மட்டும் தடையின்றி வந்துகொண்டிருந்தது. 43 அங்குலத் தட்டைத் திரை. வாங்கி நான்கரை ஆண்டுகள் ஆகியிருந்தன. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. சேவை மையத்திலிருந்து வந்த இளைஞர் பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகினார். ரிமோட்டை இருமுறை அழுத்தினார். பேனல் போய்விட்டது என்று இந்தியில் சொன்னார். புதிய பேனலுக்கு 18,000 ரூபாய் ஆகும், அதற்குப் புதிய தொலைக்காட்சியே வாங்கிவிடலாம் என்று அறிவுரையும் சொன்னார். வந்து பார்த்ததற்கான கட்டணத்துக்கு ரசீது கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் எங்கள் வீட்டில் இருந்தது ஏறத்தாழ ஏழு நிமிடம். பின்பக்க மூடியின் ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் தொடவில்லை.

தமிழில் இத்தொழிலுக்குப் ‘பழுது பார்த்தல்’ என்று பெயர். நீக்குவது பிறகு, முதலில் பார்க்க வேண்டும். அன்று எங்கள் வீட்டில் நிகழாமற்போனது இந்தப் பார்த்தல்தான். எனக்கு மின்னணுவியலில் பட்டம் கிடையாது. மொழியியலில் முதுகலை முடித்து, மும்பைத் தமிழரின் பேச்சுவழக்கு குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஆயினும், ஒரு பழுதைப் பற்றிச் சொல்லப்படும் வாக்கியம் எந்தச் சான்றின்மீது நிற்கிறது என்று கேட்பது மொழி மாணவனுக்கும் உரிய வேலை என்றே கருதுகிறேன். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது இப்பதிவு.

அந்த வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். அப்பா தவணைத் திட்டங்களை விசாரிக்கத் தொடங்கினார். ஆச்சி மட்டும் அசரவில்லை. இருண்ட திரையின்முன் அமர்ந்து மூன்று நாள் தொடர்களைக் காதால் கேட்டே கதையை விடாமல் பிடித்துக்கொண்டார். ‘ஏல, கொரலு வருதுல்லா, அது போதும்’ என்பது அவர் நிலைப்பாடு. நான்காம் நாள், தாராவி 90 அடிச் சாலையையொட்டிய ஒரு சந்தில் தொலைக்காட்சி பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரை உறவினர் வழியாக அழைத்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்தவர். படக்குழாய்ப் பெட்டிகளின் காலத்திலிருந்தே இத்தொழிலில் இருப்பவர்.

அவர் கருவியை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டார். ‘சத்தம் வருதா? ரிமோட்ட அமுக்குனா சேனல் மாறுதா? போட்ட ஒடனே ஒரு செகண்டாவது வெளிச்சம் அடிச்சு அமந்துச்சா?’ மூன்றுக்கும் ஆம் என்றோம். பிறகு அறை விளக்கை அணைக்கச் சொன்னார். திரைச்சீலையை இழுத்துவிடச் சொன்னார். கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தார். பென்சிலால் வரைந்து பாதி அழித்ததுபோல், செய்தி வாசிப்பவரின் முகம் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் அசைந்தது. ‘பேனல் நல்லாருக்கு தம்பி. பட்டிதான் போயிருக்கு’ என்றார்.

அந்த டார்ச் வெளிச்சம் எதைக் காட்டியது என்பதை விளக்குவது அவசியம். எல்.சி.டி. திரை தானாக ஒளிர்வதில்லை. கண்ணாடித் தகடுகளுக்கு இடையே உள்ள நீர்மப் படிக அடுக்கில் படம் உருவாகிறது. அது நம் கண்ணுக்குத் தெரிய, பின்னாலிருந்து வெள்ளொளி பாய வேண்டும். தொடக்ககால எல்.சி.டி. பெட்டிகளில் இவ்வொளியைத் தந்தவை பாதரசம் கொண்ட மெல்லிய குழல்விளக்குகள். பின்னர் அவற்றின் இடத்தை எல்.இ.டி. பட்டிகள் பிடித்துக்கொண்டன. நாம் ‘எல்.இ.டி. டிவி’ என்று அழைப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை எல்.இ.டி. விளக்கு பொருத்திய எல்.சி.டி. திரைகளே. கடைக்காரர் வைத்த பெயர் விளக்கைச் சொல்கிறது, திரையை மறைக்கிறது. ஆகவேதான், விளக்கு அணைந்ததைத் திரையே போய்விட்டதாக நம்புவது நமக்கு இவ்வளவு எளிதாக இருக்கிறது. ஓ.எல்.இ.டி. வகை மட்டும் விலக்கு. அதில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் என்பதால் டார்ச் சோதனைக்கு அங்கே வேலையில்லை.

ஒரு பட்டியில் உள்ள விளக்குகள் பொதுவாகத் தொடராக இணைக்கப்படுகின்றன. ஒன்று அறுந்தால் அந்தத் தொடர் முழுதும் அணைந்துவிடும். விளக்குகளை இயக்கும் சுற்று இந்தக் கோளாறை உணர்ந்ததும் ஒட்டுமொத்த ஒளியையும் நிறுத்திவிடுவதுண்டு. ஒரு வினாடி வெளிச்சம் வந்து அணைந்ததா என்று அண்ணாச்சி கேட்டதன் காரணம் இதுவே. தரையில் மெத்தையும் அதன்மேல் போர்வையும் விரித்து, இருவர் பிடித்துப் பேனலைத் தூக்கி வைத்தோம். ஒளியைப் பரப்பும் தாள்களை அதே வரிசையில் எடுத்து அடுக்கினோம். சோதனைக் கருவியின் இரு முனைகளையும் ஒவ்வொரு விளக்காக வைத்து வந்தபோது, ஒன்றே ஒன்று எரியவில்லை. அதன் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாப் பட்டிகளையும் மாற்றச் சொன்னார். மற்றவையும் அதே வெப்பத்தில் அதே வயது வாழ்ந்தவை என்றார். பட்டிகள் 900 ரூபாய், கூலி 800 ரூபாய். கிளம்பும் முன், அமைப்புகளுக்குள் சென்று பேக்லைட் அளவைக் குறைத்துவைத்தார். பல பெட்டிகளில் ‘பிரைட்னஸ்’ என்பது படத்தின் கருமையைத்தான் கூட்டிக் குறைக்கும். விளக்கின் மின்னோட்டத்தைக் குறைப்பது ‘பேக்லைட்’ என்னும் மற்றொரு அமைப்பு. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக உச்சத்தில் வைக்கப்படும் ஒளி, வீட்டில் வெப்பமாகி விளக்குகளின் ஆயுளைக் குறைக்கிறது.

18,000 ரூபாய்க்கும் 1,700 ரூபாய்க்கும் இடைப்பட்ட தொலைவு, ஒரு டார்ச்சைப் பிடித்துப் பார்த்ததற்கும் பார்க்காததற்கும் இடைப்பட்ட தொலைவு. சேவை மையத்து இளைஞரை நான் பழிக்கவில்லை. ஒரு நாளில் அவர் எத்தனை வீடுகள் ஏற வேண்டியிருந்ததோ, பட்டியை மட்டும் மாற்ற அவருக்கு அனுமதி இருந்ததோ இல்லையோ. என் கேள்வி அவருடைய வாக்கியத்தைப் பற்றியது. அந்த வாக்கியத்துக்குச் சான்று தேவைப்படவில்லை. ஒரு சோதனையின் முடிவாக அது சொல்லப்படவில்லை. ஒரு தீர்ப்பாகச் சொல்லப்பட்டது. நாங்களும் காரணம் கேட்கவில்லை. பட்டம் பெற்றவர்கள் மூவர் இருக்கும் வீட்டில், ‘எப்படித் தெரிந்தது?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

மொழியியல் முதலாண்டு மாணவருக்கு நாங்கள் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. கலம், களம் என ஒரே ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் இரு சொற்களை அருகருகே வைக்கிறோம். மற்றவை அனைத்தும் மாறாதிருக்க ஒன்று மட்டும் மாறுவதால், பொருள் வேறுபாட்டுக்கு அந்த ஒலியே காரணம் என்று துணிகிறோம். அண்ணாச்சி செய்ததும் இதுவே. படத்தை அப்படியே இருக்கவிட்டு, ஒளியை மட்டும் வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார். வகுப்பறையில் இதற்கு ஆய்வுநெறி என்று பெயர். தாராவிச் சந்தில் இதற்குப் பெயரில்லை. கைப்பழக்கம் என்று நாம் கடந்துபோகிறோம்.

அதன்பின் சில வாரங்கள், சனிக்கிழமைகளில் அவருடைய கடையில் போய் உட்கார்ந்தேன். செம்பூரிலிருந்து குர்லா சென்று வண்டி மாறினால் சயான் நிலையம். இறங்கி நடந்தால் தாராவி. வாடிக்கையாளர் சொல்லும் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே: ‘படம் வரல.’ இவ்வொரு வாக்கியத்தின்கீழ் அவர் குறைந்தது ஐந்து வெவ்வேறு நிலைகளைப் பிரித்து வைத்திருந்தார்.

சிவப்பு விளக்கே எரியவில்லை என்றால், அவர் கவனம் முதலில் மின்வழங்கிப் பலகைக்குச் செல்லும்: ஃபியூஸ், தலை உப்பிய கெப்பாசிட்டர். சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால், எத்தனை முறை என்று எண்ணுவார். பல நிறுவனங்கள் கோளாற்றின் குறியீட்டை அந்த எண்ணிக்கையில் வைத்திருக்கின்றன. ஒலி வந்து ஒளி வராவிட்டால் டார்ச். நிறுவனத்தின் சின்னம் தோன்றி அங்கேயே நின்றுவிட்டால் மென்பொருள் அல்லது நினைவகம். ஒளி வந்து, படத்தில் கோடுகளோ பாதித்திரை வெறுமையோ இருந்தால் மட்டுமே டி-கான் பலகையும் பேனலும் ஐயத்துக்கு உள்ளாகும். அப்போதும் அவர் உடனே பேனலைக் குற்றம் சொல்வதில்லை. மும்பையின் மழைக்கால ஈரத்திலும் கடற்காற்றிலும் ரிப்பன் கேபிளின் முனைகள் பாசம் பிடித்துப்போவதுண்டு. கழற்றித் துடைத்து மீண்டும் செருகிப் பார்ப்பார். ‘பேனல் போயிடுச்சு’ என்பது ஐந்தில் ஒன்றின் ஒரு கிளை. வீடுகளில் அது முதல் வாக்கியமாகச் சொல்லப்படுகிறது. அவர் கடையில் அது கடைசி வாக்கியம்.

அவருடைய வினைச்சொற்களையும் குறித்துக்கொண்டேன். வாடிக்கையாளர் எல்லாவற்றுக்கும் ‘போயிடுச்சு’ என்கிறார். தமிழில் இந்தப் ‘போ’ என்னும் துணைவினை, கெட்டுப்போ, உடைந்துபோ, தொலைந்துபோ என விரும்பத்தகாத மாற்றங்களோடு சேர்ந்துவரும். நடந்தது நடந்துவிட்டது, இனி கையில் இல்லை என்ற உணர்வை அது தருகிறது. அண்ணாச்சியோ பெரும்பாலும் ‘ஆகு’ என்பதைப் பயன்படுத்துகிறார்: ‘ஷார்ட் ஆயிருக்கு’, ‘ஓப்பன் ஆயிருக்கு’, ‘லூஸ் ஆயிருக்கு’. ஒரு நிலை இன்னொரு நிலையாக ஆகியிருக்கிறது. ஆகவே மீண்டும் வேறொன்றாக ஆக்கலாம். எடுத்து எறியப்போகும் பாகத்துக்கு மட்டுமே ‘போயிருக்கு’ என்பதை ஒதுக்கி வைத்திருந்தார். இதை விதி என்று சொல்லுமளவுக்குத் தரவு என்னிடம் இல்லை. ஆனால், பழுதைப் பற்றி நுணுக்கமாகப் பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு வினைச்சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது என்பதைக் கேட்டுக் கேட்டு உணர்ந்தேன்.

இப்போது கருத்துக்கு வருகிறேன். பழுது பார்க்கும் உரிமை பற்றி உலகெங்கும் பேசப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல், தொலைக்காட்சி உள்ளிட்ட காட்சித்திரைகளுக்கு மின்வழங்கி முதலான சில உதிரிபாகங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, இதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்க தொடக்கமே. ஆயினும் இவ்விவாதம் பெரும்பாலும் உதிரிபாகத்தையும் விலையையும் சுற்றியே நடக்கிறது. எங்கள் வீட்டில் உதிரிபாகம் ஒரு தடையாகவே இல்லை. கிராண்ட் ரோடு அருகே லாமிங்டன் சாலையில் அது அன்றே கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்காமல் இருந்தது, என்ன பழுது என்பதற்கான காரணத்தோடு கூடிய ஒரு சொல்.

ஆகவே நான் முன்வைக்கும் முதற்கோரிக்கை எளியது. கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பார்க்க வரும் எவரும், என்ன சோதனை செய்தார், என்ன கண்டார், அதனால் என்ன முடிவுக்கு வந்தார் என்பதை நுகர்வோரின் மொழியில் நான்கு வரி எழுதித்தர வேண்டும். ‘ஒலி உண்டு, டார்ச் ஒளியில் படம் தெரிகிறது, ஆகவே பேக்லைட் பழுது’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். அப்படி எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வது கடினமாகிவிடும். இரத்தப் பரிசோதனை முடிவைத் தாளில் கேட்டு வாங்கும் நாம், 18,000 ரூபாய்த் தீர்ப்பை மட்டும் வாய்மொழியாக ஏற்றுக்கொள்கிறோம்.

இரண்டாவது, மின்சுற்று வரைபடம். பழைய வானொலிப் பெட்டிகளின் உட்புறத்தில் அது ஒட்டப்பட்டிருப்பதுண்டு. இன்றைய கையேட்டில் பிளக்கைச் சரிபார்க்கவும், திறக்காதே, சேவை மையத்தை அணுகவும் என்பதோடு வழி முடிந்துவிடுகிறது. பாதுகாப்பே காரணம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, மறைப்பதற்கில்லை. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேராக்கப்படும்போது மின்வழங்கிப் பலகையின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கலாம். பயிற்சி இல்லாதவர் அந்தப் பலகையில் கைவைக்கக் கூடாது. பேனலைத் தனியாளாகத் தூக்கவும் கூடாது. கண்ணாடி விரிந்தால் அப்போதுதான் பேனல் உண்மையிலேயே போகும். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதையும் அதே வரைபடம்தான் காட்டும். 20,000 வோல்ட்டைத் தாண்டும் படக்குழாய்களைத் தெருமுனைக் கடைகள் பல்லாண்டு பழுது பார்த்தன. விவரம் தெரிந்ததால்தான் முடிந்தது.

மூடியைத் திறக்காமலே வீட்டில் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமரா வழியாகப் பார்த்தால், வேலை செய்யும் ரிமோட்டில் பொத்தானை அழுத்தும்போது பெரும்பாலும் ஒளிப்புள்ளி தெரியும். செட்டாப் பாக்ஸின் கேபிளை வேறு துளையில் மாற்றிச் செருகலாம். சிவப்பு விளக்கின் சிமிட்டலை எண்ணலாம். இருட்டறையில் டார்ச் பிடிக்கலாம். இவற்றைச் செய்துவிட்டுத் தொலைபேசியில் அழைப்பவரிடம், பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. தெருக்கடைகளைப் புனிதப்படுத்தவும் நான் விரும்பவில்லை. தரங்குறைந்த பட்டியைப் பொருத்தி ஆறே மாதத்தில் மீண்டும் இருளவைப்போரும், பேனல் என்று சொல்லிப் பணம் கறப்போரும் அங்கும் உண்டு. எழுதித்தர வேண்டும் என்ற விதி அவர்களுக்கும் பொருந்த வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை நம்மை, அதாவது கல்விப்புலத்தாரை நோக்கியது. அண்ணாச்சியிடம் 200 பக்கக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. நிறுவனங்கள் தராத வரைபடத்துக்கு ஈடாக அவரே எழுதிக்கொண்டது. மாடல் எண், எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும், வராவிட்டால் எதைப் பார்க்க வேண்டும், எத்தனை சிமிட்டலுக்கு எந்தப் பலகை என்று தமிழெழுத்தில் ஆங்கில, இந்திச் சொற்கள் கலந்து பக்கம் பக்கமாக நிறைந்திருக்கிறது. நம் பாடநூல்களில் ‘மின்தேக்கி’ இருக்கிறது. அது உப்பினால் எப்படியிருக்கும், உப்பாமலே கெட்டிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இந்த நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டுக்கு வேறு படி இல்லை.

சயானுக்கு அடுத்த நிலையம் மாட்டுங்கா. நான் வாரம் இருமுறை படிக்கச் செல்லும் நூலகம் அங்கேதான். 1887-இல் தொடங்கி 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்த வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும் அங்கேதான். அங்கிருந்து தாராவி நடந்தே போகும் தொலைவு. இவ்வளவு அருகில் இருந்தும், மொழி படிக்கும் நானோ பொறியியல் படிக்கும் என் நண்பர்களோ இப்படியொரு நோட்டு இருக்கக்கூடும் என்று எண்ணியதில்லை. தாராவித் தமிழ் பற்றி நான் சேகரித்த பதிவுகளில் திருமணச் சடங்கு இருக்கிறது, வசைச்சொல் இருக்கிறது, உறவுப்பெயர் இருக்கிறது. தொழில் இல்லை.

அதற்கான காலமும் சுருங்கிவருகிறது. தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்பாளருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மேல்தளத்தில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீடு என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். அண்ணாச்சி குடியிருப்பதும் தொழில் செய்வதும் இரும்பு ஏணி வைத்து ஏறும் ஒரு வாடகை மாடியில். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாம் நடந்துவரும் தொலைவில் இருப்பவர்கள். அவர் எங்கே போவார் என்று அவருக்கே தெரியவில்லை. மகன் உணவு விநியோக வேலைக்குப் போகிறான். அவனை இத்தொழிலுக்கு அழைக்கவும் அவருக்கு மனமில்லை.

நோட்டை நகலெடுத்துக்கொள்ளட்டுமா என்று சென்ற வாரம் கேட்டேன். ‘எடுத்துக்கோங்க தம்பி. ஆனா இத படிச்சா யாருக்கு வெளங்கும்?’ என்றார். உண்மைதான். தனித்து விளங்காது. அவர் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு சுருக்கத்துக்கும் விளக்கம் கேட்டு எழுத வேண்டும். மின்னணுவியல் தெரிந்த ஒருவர் என்னருகில் இருந்து சரிபார்க்க வேண்டும். இதுவரை 31 பக்கங்கள் படமெடுத்திருக்கிறேன்; ஒன்பது பக்கங்களுக்கு உரை எழுதி முடித்திருக்கிறேன். அவர் பெயர் இதில் எப்படி இடம்பெற வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார்.

சென்னை ரிச்சி தெருவிலோ, மதுரையிலோ, கொழும்பிலோ, உங்கள் ஊரின் ஒரு முனையிலோ இப்படியொரு நோட்டு இருக்கக்கூடும். அடுத்த முறை வீட்டில் ஏதேனும் பழுதானால், பார்க்க வருபவரிடம் ‘எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். காரணம் சொல்பவராக இருந்தால், அவர் சொல்லும் சொற்களை அப்படியே, திருத்தாமல் எழுதி வையுங்கள். மின்னணுவியல் படிக்கும் மும்பை நண்பர்கள் யாரேனும் சனிக்கிழமைகளில் என்னோடு வர இயலுமானால் தெரிவியுங்கள். மீதமுள்ள பக்கங்கள் ஏறத்தாழ 170.